ரத்தம் கம்மி என்கிறார்களே, எதில் கம்மி?

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்தவள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. மதுரை கோரிப்பாளையம் பக்கம் நான் வேலை பார்க்கும் லேபுக்கே கூட்டிவரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.6. அவள் வயதுக்கு 12ஆவது இருக்க வேண்டும். வீட்டில் சொன்னதும் அம்மா ஆரம்பித்துவிட்டார்: "நான் அப்பயே சொன்னேன்ல, பிள்ளைக்கு ரத்தம் கம்மின்னு."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு கம்மி சித்தப்பா? ஒரு லிட்டர் இருக்குமா?"

22 வருடமாக ஊசி பிடிக்கிறேன். ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு லிட்டர் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. நம் உடல் எடையில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு ரத்தம். 70 கிலோ ஆளுக்குச் சுமார் 5 லிட்டர்; 43 கிலோ இருக்கும் இவளுக்கு 3 லிட்டர். அந்த 3 லிட்டரும் அவள் உடம்பில் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்தது வேறு. அது என்னவென்று சொல்ல, ரத்தம் எதற்காக ஓடுகிறது, அதை ஓட்டுவது எது என்பதிலிருந்து வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை செல்லூரில் வழக்கமான கறிக்கடையில் பாடத்தைத் தொடங்கினோம்.

கடைக் கம்பியில் நுரையீரல், இதயம், ஈரல் எல்லாம் ஒரே கொத்தாகத் தொங்கும். பயந்துபோனால் "ஈரக்குலை நடுங்கிப்போச்சு" என்கிறோமே, அந்தக் குலைதான் இது. இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் இதயம் பொதிந்து கிடக்கிற கிடப்பைப் பார்த்தாலே இரண்டுக்கும் ஏதோ நெருங்கிய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"பாய், இதயத்தக் கீறாம, மேல இருக்க குழாயோட அப்படியே குடுங்க" என்றேன். உள்ளே உறைந்து நிற்கும் ரத்தம் போகட்டும் என்று வழக்கமாகக் கீறித்தான் கொடுப்பார்கள்.

"ஏண்ணே, வைத்தியத்துக்கா?"

"பிள்ளைக்குப் பாடம்."

சிரித்துக்கொண்டே அறுத்துக் கொடுத்தார். கூடவே சுவரொட்டி என்கிற ஆட்டு உறுப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டோம். அதற்குக் கடைசியில் வேலை இருக்கிறது.

ஆட்டு இதயமும் நம் இதயமும் அமைப்பில் ஒன்றுதான். நான்கு அறைகள், நான்கு கதவுகள். மனித இதயம் அவரவர் கைமுட்டி அளவு, எடை 300 கிராம் பக்கம். நெஞ்சில் கை வைக்கச் சொன்னால் எல்லோரும் இடப்பக்கம்தான் வைப்போம். உண்மையில் அது நெஞ்சுக்கூட்டின் நடுவில்தான் இருக்கிறது. கூர்முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. துடிப்பு அங்கே நன்றாகத் தெரிவதால் இதயமே அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

அரிவாள்மனையில் குறுக்காக ஒரு வெட்டு. தட்டில் வைத்ததும் அவளே கண்டுபிடித்தாள்: "ஒரு பக்கம் சுவர் தடியா இருக்கு, இன்னொரு பக்கம் மெல்லிசா இருக்கு." இதயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. இதயம் என்பது ஒரு மோட்டார் அல்ல. முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு மோட்டார். மெல்லிய சுவர் உள்ள வலப்பக்கம், ரத்தத்தைப் பக்கத்து வீட்டுக்கு, அதாவது நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும். தடித்த சுவர் உள்ள இடப்பக்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தள்ள வேண்டும். பக்கத்துத் தொட்டிக்குத் தண்ணீர் விடும் மோட்டாரும் மூன்றாவது மாடிக்கு ஏற்றும் மோட்டாரும் ஒரே குதிரைத்திறனில் இருக்குமா? இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைப்போல் மூன்று மடங்கு தடிமன்.

இனி ஒரு துளி ரத்தத்தோடு நடந்து பார்க்கலாம். உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, கரியமில வாயுவை ஏற்றிக்கொண்டு வரும் ரத்தம் வலது மேலறையில் வந்து விழுகிறது. அங்கிருந்து வலது கீழறை. கீழறை சுருங்கினால் நுரையீரல். அங்கே கரியமில வாயுவை இறக்கிவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்புகிறது. பிறகு இடது கீழறை, அங்கிருந்து பெருந்தமனி, மறுபடி உடம்பு. எட்டுப்போல இரண்டு சுற்று. வலப்பக்க ரத்தமும் இடப்பக்க ரத்தமும் இதயத்துக்குள் கலப்பதே இல்லை, நடுவில் முழுச்சுவர்.

பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று மனப்பாடம் செய்துவிட்டு, நுரையீரல் தமனியில் கெட்ட ரத்தம் என்றதும் குழம்பிப்போகிறார்கள். விதி எளிது. இதயத்தைவிட்டு வெளியே போகும் குழாய் தமனி. இதயத்துக்குத் திரும்பி வரும் குழாய் சிரை. உள்ளே ஓடுவது எந்த ரத்தம் என்பது இந்தப் பெயருக்குக் கணக்கே இல்லை. நம் ஊர்ப் பேச்சில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. சிரையை நாம் நரம்பு என்கிறோம். "நரம்புல ஊசி போட்டாங்க", "நரம்பு கெடைக்கல" என்று என்னிடமே தினமும் பத்துப் பேராவது சொல்வார்கள். நரம்பு என்பது மூளையின் கம்பி. அதில் ரத்தம் ஓடாது. அதில் ஊசி பட்டால் அலறித் துடித்திருப்பீர்கள்.

கெட்ட ரத்தம் என்ற பேச்சும் எனக்குப் பிடிக்காதது. குழாயில் ஏறும் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இவ்வளவு கறுப்பா இருக்கு, கெட்டுப்போச்சா?" என்று கேட்பவர்கள் அதிகம். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அதிலும் முக்கால்வாசி ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு சுற்றில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி, ஓடவோ மாடிப்படி ஏறவோ நேர்ந்தால் உதவும். தோலுக்கு வெளியே பச்சையாகவும் நீலமாகவும் தெரிவது தோல் வழியாக வெளிச்சம் போய்த் திரும்பும் விதத்தால். நீல ரத்தம் என்று நம் உடம்பில் ஒன்று கிடையாது.

அடுத்தது கதவுகள். பெருந்தமனியின் வெட்டுவாயை மேலே நிமிர்த்திப் பிடித்து, டம்ளரால் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, குழாயிலேயே நின்றது. எட்டிப் பார்த்தால், மூன்று சின்னப் பைகள் தண்ணீரை வாங்கி உப்பி, ஒன்றோடொன்று உரசி வழியை அடைத்திருந்தன. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்குமல்லவா? தண்ணீர் மேலே போக விடும், கீழே இறங்க விடாது. அது பழுதானால் மோட்டார் காற்று பிடித்துக்கொண்டு வெறுமனே சுற்றும். இதயத்தில் அப்படி நான்கு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்று, கீழறையிலிருந்து வெளியேறும் வாசலில் பக்கத்துக்கு ஒன்று. இவற்றைத் திறந்து மூட ஆளும் இல்லை, தசையும் இல்லை. ரத்தம் முன்னே தள்ளினால் திறக்கும், பின்னே தள்ளினால் மூடும். அவ்வளவுதான். கீழறைக்குள் வெள்ளை நூல்நூலாகச் சில இழைகள் தெரிந்தன. காற்றில் குடை மடங்கித் திரும்பிவிடாமல் கம்பிகள் பிடித்திருப்பதுபோல, கதவு பின்பக்கம் புரண்டுவிடாமல் அந்த இழைகள் பிடித்துக்கொள்கின்றன.

'லப் டப்' என்று காதில் விழுவது இதயம் அடித்துக்கொள்ளும் சத்தம் என்றுதான் நெடுநாள் நானும் நினைத்திருந்தேன். கதவு சாத்தும் சத்தம் அது. கீழறை சுருங்கத் தொடங்கும்போது உள்கதவு இரண்டும் சாத்தினால் லப். சுருங்கி முடிந்து வெளிக்கதவு இரண்டும் சாத்தினால் டப். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் நடுவில் 'உஸ்' என்று ஒரு கசிவுச் சத்தம் கேட்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் தேடுவது அதையும் சேர்த்துத்தான். சின்ன வயதில் தொண்டைப்புண் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டு, அது மூட்டுக் காய்ச்சலாக மாறி, கடைசியில் இந்தக் கதவுகளைத் தழும்பாக்கிவிடுவது நம் நாட்டில் இன்னும் நடக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அவளுக்கு ஒரு சந்தேகம். "திரும்பத் திரும்ப அதே ரத்தம்தான் சுத்துதுன்னு எப்படித் தெரியும்? புதுசா ஊறிக்கிட்டே இருக்கலாம்ல?"

ஐரோப்பாவில் 1,400 வருடம் பெரிய மருத்துவர்கள் எல்லாம் அப்படித்தான் நம்பினார்கள். ஈரலில் ரத்தம் ஊறுகிறது, உடம்பெல்லாம் போய்ப் பாய்கிறது, அங்கேயே வற்றிவிடுகிறது என்பது கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னது. 1628இல் வில்லியம் ஹார்வி என்ற இங்கிலாந்து மருத்துவர் ஒரு கணக்குப் போட்டு அதை உடைத்தார். அவருடைய கணக்கை இன்றைய எண்களில் போட்டுக் காட்டினேன். ஒரு துடிப்புக்கு வெளியே போவது சுமார் 70 மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர், ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஏழு. நாலு இட்லியும் ஒரு தட்டு சோறும் தின்று தினமும் ஏழு தொட்டி ரத்தம் புதிதாக ஊற முடியுமா? போனதே திரும்பி வந்தால்தான் கணக்கு நிற்கும். உடம்பில் இருப்பதும் 5 லிட்டர், நிமிடத்துக்குத் தள்ளுவதும் 5 லிட்டர் என்றால், சராசரியாக ஒரு நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று முடிகிறது.

ஹார்வி காட்டிய இன்னொரு சோதனை என் பிழைப்போடு ஒட்டியது. கையைக் கட்டுவது. நான் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கினால் அடியில் சிரை புடைக்கும். ஏன்? தமனி ஆழத்தில் இருக்கிறது, அழுத்தமும் அதிகம். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சிரை தோலுக்கடியில் இருப்பதால் திரும்பும் வழி மட்டும் அடைபடுகிறது. வரத்து உண்டு, போக்கு இல்லை, புடைக்கிறது. அண்ணன் கையைக் கட்டிக் காட்டினேன். புடைத்த சிரையில் அங்கங்கே முடிச்சுபோலத் தெரிந்தது. மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறு விரலால் அங்கிருந்து மேலே ஒரு முடிச்சைத் தாண்டும்வரை வழித்துவிட்டால் அந்தத் துண்டு காலியாகிவிடும். மேலிருந்து ரத்தம் இறங்கி நிரப்பாது. கீழே அழுத்திய விரலை எடுத்தால் சட்டென்று நிறையும். அந்த முடிச்சுகளும் ஒருவழிக் கதவுகள்தான். ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603இலேயே அவற்றைப் படம் வரைந்து 'சிறு கதவுகள்' என்று பெயரும் வைத்திருந்தார். ஆனால் ரத்தம் வேகமாகக் காலுக்கு இறங்கித் தேங்காமல் தடுக்க அவை இருப்பதாக நினைத்துவிட்டார். கதவைக் கண்டவருக்கு அது எதற்காக இருக்கிறது என்பது பிடிபடவில்லை.

தமனியில் போவது சிரைக்குள் எப்படி வருகிறது என்பது ஹார்விக்கும் கண்ணில் படவில்லை. 1657இல் அவர் இறந்தார். 1661இல் இத்தாலியில் மால்பீகி என்பவர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து நடுவில் இருக்கும் மயிரிழைக் குழாய்களைக் கண்டுபிடித்தார். தந்துகி என்று புத்தகத்தில் போட்டிருப்பது அதைத்தான்.

தந்துகி புரிய, மேலூர்ப் பக்கம் வயலைப் பார்த்தால் போதும். 1895இல் பெரியாற்று அணை கட்டி, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். வைகையில் கலந்து பேரணைக்கு வரும் அந்தத் தண்ணீர் பிரதானக் கால்வாயில் பிரிந்து, கிளைக் கால்வாய், வாய்க்கால், மடை என்று சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் வயலுக்குள் பரவுகிறது. கால்வாயில் பாய்ந்த வேகம் வயலில் இருக்காது. பரப்பு கூடக்கூட ஓட்டம் அடங்கிவிடும்; அடங்கினால்தான் மண்ணில் இறங்கும். ரத்தமும் அப்படித்தான். 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள பெருந்தமனியில் பாய்ந்து போகும் ரத்தம், தந்துகியில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். சிவப்பணுக்கள் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக, சில இடத்தில் உடம்பை வளைத்து நெளித்து, அதற்குள் நுழைந்து போகின்றன. ஆக்சிஜனும் சர்க்கரையும் வெளியே இறங்குவதும் கழிவு உள்ளே ஏறுவதும் இங்கே மட்டும்தான். பெருந்தமனியும் மற்ற பெரிய குழாய்களும் இங்கே வந்துசேர வழி மட்டுமே. வைகை உவமை இதோடு நின்றுவிடும். வைகைத் தண்ணீர் திரும்பி வருவதில்லை. ரத்தம் ஒரு நிமிடத்தில் திரும்ப வேண்டும்.

திரும்புவதுதான் சிரமம். தந்துகியைத் தாண்டியதும் இதயம் கொடுத்த உந்துதல் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. பாதத்திலிருந்து நெஞ்சுவரை மேலேறி வர வேண்டும். அங்கே உதவுவது ஆடுதசை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி நடுவில் இருக்கும் சிரையைப் பிதுக்குகிறது. ஒருவழிக் கதவு இருப்பதால் ரத்தம் மேலே மட்டும் போகிறது. அசையாமல் நின்றால் இந்த மோட்டார் ஓடாது. ரத்தம் காலில் தேங்கும், இதயத்துக்கு வரத்து குறையும், தலைக்குப் போவது குறையும். காலை வழிபாட்டில் இவள் உட்கார்ந்துவிட்டதற்கு ஹீமோகுளோபின் பாதிக் காரணம் என்றால், வெயிலில் ஆணியடித்தாற்போல் நின்றது மீதிக் காரணம். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே நில் என்று சொல்லியிருக்கிறேன். நாள் முழுக்கக் கல் முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டர்களுக்கும் ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கும் கால் சிரை சுருண்டு முறுக்கிக்கொள்வது இந்தக் கதவுகள் தளர்ந்துபோவதால்தான். அதையும் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றுதான் சொல்வோம்.

ரத்தக்கொதிப்பு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் கொதிப்பதில்லை. கோபக்காரருக்கும் சாதுவுக்கும் 37 டிகிரிதான். "உங்களுக்கு பிரஷர் இருக்கா?" என்ற கேள்வியும் வேடிக்கையானது, பிரஷர் இல்லாவிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. 120/80 என்றால், கீழறை சுருங்கும்போது குழாய்ச் சுவரில் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தூக்கும் அளவுக்கு அழுத்தம், இரண்டு துடிப்புக்கு நடுவில் 80. பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம். தண்ணீராக இருந்தால் 163 சென்டிமீட்டர் உயரும். ஐந்தடி நாலங்குலம், ஒரு ஆள் உயரம். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியதை எழுதிவைத்தார். ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தது அவர்தான். இந்த அழுத்தம் வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் குழாய்ச் சுவர் தடித்துக் கெட்டிப்படும், சிறுநீரகமும் மூளையும் அடிவாங்கும். வலி, காய்ச்சல் எதுவும் காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

தட்டில் கிடந்த இதயத்தின் வெளிப்பக்கம் கொழுப்பு ஓடிய வரிகளும் அவற்றுக்குள் குழாய்களும் தெரிந்தன. உள்ளே ரத்தம் நிறைந்திருந்தும் இதயத்தசையால் அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள முடியாது. சுவர் அவ்வளவு தடிமன். அதனால் பெருந்தமனி புறப்படும் அடியிலேயே இரண்டு கிளை பிரிந்து இதயத்தையே சுற்றி வளைத்துக்கொள்கின்றன. அதிலும் ஒரு விசித்திரம். இதயம் சுருங்கும்போது தசை இறுகி இந்தக் குழாய்களை நசுக்கிவிடுகிறது. ஆகவே இடப்பக்கச் சுவருக்குப் பெரும்பங்கு ரத்தம் கிடைப்பது இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் ஓய்வில்தான். ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி என்றால் சுருங்குவது 0.3, ஓய்வு 0.5. ஓயாமல் உழைப்பது என்று இதயத்தைப் புகழ்வார்கள். அது பாதி நேரத்துக்கு மேல் ஓய்வெடுத்துக்கொள்கிறது, சாப்பிடுவதும் அப்போதுதான். இந்தத் தாளத்தை வைத்திருப்பது வலது மேலறைச் சுவரில் இருக்கும் ஒரு சின்னத் திசுத் திட்டு. மின்பொறி அங்கே பிறந்து மேலறைகளைச் சுருக்கி, நடுவில் ஒரு கணம் தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோலக் கீழறை முறுகிச் சுருங்குகிறது. ஈசிஜியில் கோடாக வருவது இந்த மின்சாரம்.

மாரடைப்பு என்ற தமிழ்ச் சொல் பொருத்தமானது. அடைப்பு என்று சரியாகச் சொல்கிறது. அந்தச் சின்னக் குழாயின் சுவரில் வருடக்கணக்கில் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை ரத்தமின்றிச் சாகத் தொடங்குகிறது. நம் ஊரில் ஆளைக் கொல்வது பல நேரம் சோடா. நெஞ்சு இறுக்கி, வியர்த்து, இடக்கையிலோ தாடையிலோ வலி பரவும்போது "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்து, இஞ்சி தட்டிப் போட்டு, பூண்டு தின்று, இரண்டு மூன்று மணிநேரத்தைக் கழித்துவிடுகிறோம். 108ஐக் கூப்பிட்டு, ஈசிஜி எடுத்த பிறகு வாயு என்று தெரிந்தால் அசட்டுச் சிரிப்போடு வீட்டுக்கு வரலாம்.

மோட்டார் போதும், இனி ரத்தம். லேபில் ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால், வடித்த கஞ்சி தெளிவதுபோல மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் கணக்காகப் பிரியும்: மேலே 55 பங்கு பிளாஸ்மா, கீழே 45 பங்கு அணுக்கள், நடுவில் பாலாடைபோல மெல்லிய வெள்ளை வரி. பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி புரதம், உப்பு, சர்க்கரை, ஹார்மோன். வெள்ளை வரிதான் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும். வெள்ளையணு கிருமியோடு சண்டை போடுவது. அதைப் பற்றிப் பேசினால் அது தனிக் கட்டுரையாகும்.

தட்டணுவை மதுரைக்காரருக்கு விளக்குவது எளிது, ரத்தப் பொரியல் தின்ற ஊர். ஆடு அறுக்கும்போது சட்டியில் பிடித்த ரத்தம் சில நிமிடத்தில் தயிர்போல உறைந்துவிடுகிறது. குழாயில் கிழிசல் என்றால் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. பிளாஸ்மாவில் கரைந்திருந்த புரதம் ஒன்று நூலாகத் திரண்டு வலை பின்னுகிறது. அணுக்கள் வலையில் சிக்கிக் கட்டியாகிறது. சட்டியில் ரத்தம் பிடித்ததுமே குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தால் அந்த நூல் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும், ரத்தம் உறையாது. உறைவதற்குக் கால்சியம் வேண்டும். என் ஊதா மூடிக் குழாயில் பூசியிருக்கும் மருந்து அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் உள்ளே ரத்தம் தண்ணீராகவே இருக்கிறது. மழைக்கால டெங்கு வந்தால் எல்லோரும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று ஒரே எண்ணைத்தான் கேட்பார்கள். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை சரியான அளவு. ஆனால் டெங்குவில் ஆளைச் சாய்ப்பது தந்துகிச் சுவர் கசிந்து பிளாஸ்மா வெளியேறுவது. டாக்டர்கள் தட்டணுவோடு, அணுக்களின் பங்கு வழக்கத்தைவிட ஏறுகிறதா என்றும் பார்ப்பது அதற்காகத்தான்.

இப்போது அவளுடைய 9.6. சிவப்பணு நடுவில் குழிந்த வட்டு. அப்பத்தை இரண்டு பக்கமும் அமுக்கியதுபோல. பத்து அணுவை வரிசையாக அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். அதற்குள் உட்கருகூட இல்லை. சரக்கு ஏற்ற இடம் வேண்டும் என்று வீட்டுக்காரரையே வெளியேற்றிய லாரி அது. உள்ளே நிறைந்திருப்பது ஹீமோகுளோபின், ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி மூலக்கூறு. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணு, ஒவ்வொரு இரும்புக்கும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் இந்த ஹீமோகுளோபினால்தான் வருகிறது. இவளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9.6 கிராம்தான். லாரிகள் ஓடுகின்றன, சாலை சரி, மோட்டார் சரி. ஏற்றிப் போகும் இடம்தான் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் படபடப்பு, மூச்சு வாங்குவது, களைப்பு எல்லாம் அதனால்தான். 'ரத்தம் கம்மி' என்பது லிட்டர் கணக்கு அல்ல, கிராம் கணக்கு.

இதில் சுவரொட்டிக்கு என்ன வேலை? சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது, விநாடிக்கு 20 லட்சத்துக்குமேல். கிழடு தட்டி வளையும் தன்மை போனதும் மண்ணீரலின் இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும். அங்கே பிரித்துப் போடப்படும். அந்த மண்ணீரல்தான் கறிக்கடைச் சுவரொட்டி. இரும்பு மட்டும் கவனமாக எடுத்துவைக்கப்பட்டு மஜ்ஜைக்கு மறுபடி அனுப்பப்படுகிறது. மிச்ச நிறம் மஞ்சளாகி ஈரல் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரின் மஞ்சளும் மலத்தின் பழுப்பும் செத்த சிவப்பணுவின் நிறமே. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய இரும்பு 20 மில்லிகிராமுக்குமேல். சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். மீதியெல்லாம் பழைய இரும்புக்கடைச் சரக்கு. அதனால்தான் வெளியேறுவது கொஞ்சம் கூடினாலும் கணக்கு உதைக்கிறது. மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரும்பு போகிறது. குடலில் கொக்கிப்புழு இருந்தால் அதுவும் குடிக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இவள் ஒருத்தி கதையல்ல.

அம்மா பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கி அடுக்கியிருந்தார். சிவப்பாக இருப்பது ரத்தமாகும் என்ற கணக்கு. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை; இரண்டிலும் இரும்பு சொற்பம். பேரீச்சம்பழமும் பேர் எடுத்த அளவுக்கு இல்லை. "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வந்தவர்தான் அந்த வியாபாரத்தில் லாபம் பார்த்தவர். சுவரொட்டியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். கீரை, பயறு, கேழ்வரகில் இருப்பது அவ்வளவு எளிதாகச் சேராது. எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய் கூட இருந்தாலோ கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். 9.6க்கு இதெல்லாம் மட்டும் போதாது என்று டாக்டர் இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் எழுதினார். விசாரித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து, தோழிகள் மொத்தப் பேரும் வேப்பமரத்தடியில் போட்டுவந்திருக்கிறார்கள். உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

"அந்த மரத்துக்கு ஹீமோகுளோபின் 15 இருக்கும் சித்தப்பா" என்றாள்.

தட்டில் அறுத்துப் பார்த்த இதயத்தை அம்மா கழுவிக் குழம்பில் போட்டுவிட்டார். சுவரொட்டியைத் தணலில் சுட்டு, மிளகும் உப்பும் தூவி அவள் தட்டில் வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். ஒரு மாதம் கழித்து மறுபடி பட்டையைக் கட்டி ரத்தம் எடுத்தேன். 11.1. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையை விடக்கூடாது, சேமிப்பும் நிரம்ப வேண்டும் என்றார் டாக்டர். ஏறியது மாத்திரையால் என்கிறேன் நான். மாதுளம்பழத்தால் என்கிறார் அம்மா.